தீவுக்கு முன் தேதியை முடிவு செய்யுங்கள்

கேள்வி: நாங்கள் காட்பாடியில் வசிக்கிறோம். கணவர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்காளர். நான் மருத்துவ ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மகளுக்கு 15 வயது, மகனுக்கு 9. கூடவே மாமியாரும் வருகிறார். வயது 66, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மே இரண்டாம் வாரம் ஏதாவது ஒரு தீவுக்குப் போய் ஸ்கூபா டைவிங் (முதுகில் காற்று உருளையோடு ஆழத்துக்குப் போவது), ஸ்நார்க்லிங் (குழாயால் மூச்சுவிட்டபடி மேலே மிதந்து பார்ப்பது) எல்லாம் செய்து பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு, திருகோணமலை என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். கணவர் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் கிணற்றில் குதித்து வளர்ந்தவர், ஆனால் சிறுவயதில் அவருக்குக் காதில் சீழ் வடிந்ததுண்டு. மகள் குளத்தில் நன்றாக நீந்துவாள், மகன் ஓரளவு. எனக்கு நீச்சலே தெரியாது. பள்ளித் தேர்வுகள் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் முடிகின்றன. எங்கே போகலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தமானுக்குப் போங்கள். முன்பு ஹேவ்லாக் என்று அழைக்கப்பட்ட ஸ்வராஜ் தீவில் ஐந்து இரவுகள், நீல் தீவாக இருந்த ஷஹீத் தீவில் இரண்டு, கடைசி இரவு ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது பழைய போர்ட் பிளேரில். ஆனால் மே இரண்டாம் வாரம் வேண்டாம். தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசி வாரத்திலேயே கிளம்பிவிடுங்கள். இந்த இரண்டில் தேதிதான் முக்கியம். தேதியை மாற்ற முடியாது என்றால் தீவையே மாற்றச் சொல்வேன்.

தென்மேற்குப் பருவமழை கேரளத்தை எட்டுவது ஜூன் முதல் தேதி வாக்கில். ஆனால் அது முதலில் கால் வைப்பது அந்தமான் கடலில்தான். வழக்கமாக மே மூன்றாவது வாரத்திலேயே அங்கே வந்துவிடும். அதற்குச் சில நாட்கள் முன்பே காற்று மாறும், கடல் கலங்கும். மே மாதம் வங்கக் கடலில் புயல் உருவாகும் காலமும்கூட. காற்று பலத்தால் தீவுகளுக்கு இடையே ஓடும் படகுகள் நின்றுவிடும், விமானத்தைத் தவறவிட்டுக் கரையில் காத்திருக்க நேரிடும். இதற்கு நேர்மாறாக மார்ச்சிலும் ஏப்ரலிலும் கடல் ஆடாமல் அசையாமல் கிடக்கும், தண்ணீருக்குள் தூரம்வரை தெளிவாகத் தெரியும். முதன்முதலாகக் கடலில் முகத்தை அமிழ்த்தப் போகிறவருக்கு இந்த இரண்டு வாரம் முன்னே போவதா பின்னே போவதா என்பது பெரிய வித்தியாசம்.

மற்ற மூன்றையும் பார்த்துவிடுவோம். லட்சத்தீவின் கடற்கழிகள் நீச்சல் தெரியாதவர்களுக்கென்றே அமைந்தவை. பவளத் திட்டு வெளியே அலையைத் தடுத்துக்கொள்ள, உள்ளே இடுப்பளவு, மார்பளவு நீர் அசையாமல் நிற்கும். கத்மத், பங்காரம், கவரத்தி எல்லாமே அழகு. காட்பாடியில் ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை எர்ணாகுளம். அங்கிருந்து கப்பலோ, அகத்திக்கு விமானமோ. ஆனால் அங்கே போக நம் நாட்டவருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், அதைப் பெற்று, கப்பலில் இடம் பிடித்து, எல்லாம் ஒத்துவருவதற்குப் பல வாரங்கள் முன்பே இறங்க வேண்டும். பல தீவுகளில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. நடுக்கடலில் ஆடும் கப்பலிலிருந்து ஆடும் படகில் கால் வைத்து இறங்க வேண்டும். 66 வயது அம்மாவை அப்படி இறக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளோடு நீங்கள் நால்வர் மட்டும் என்றால் லட்சத்தீவைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

மாலத்தீவில் கடலுக்குள் கால் ஊன்றிய மரவீடுகளைப் படத்தில் பார்த்துவிட்டு எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். உள்ளூர் மக்கள் வசிக்கும் மாஃபுஷி, திகுரா போன்ற தீவுகளில் சாதாரண விடுதிகள் உண்டு, செலவும் அவற்றில் குறைவு. இந்தியருக்கு அங்கே இறங்கியதும் விசா கிடைக்கும். ஆனால் அங்கும் மே மாதம் மழைக்காற்று தொடங்கும் காலம். வறண்ட பருவம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. மகள் டைவிங்கில் நன்றாகத் தேறிய பிறகு, திருக்கை மீன்களையும் திமிங்கலச் சுறாவையும் தேடிப் போகும் பயணமாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலை வேறு கதை. இலங்கையின் கிழக்குக் கரையில் கடல் அடங்கியிருப்பது மே முதல் செப்டம்பர் வரைதான். நிலாவெளிக் கரைக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது. படகில் சில நிமிடங்கள். ஆழமில்லாத தண்ணீரிலேயே பவளமும், யாரையும் தொந்தரவு செய்யாத கருந்துடுப்புச் சுறாக் குட்டிகளும் தெரியும். தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம், சாப்பாட்டுக்கும் கவலையில்லை. ஆக, கணவருக்கு மே மாதம்தான் விடுப்பு என்று அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டால், யோசிக்காமல் திருகோணமலைக்குப் போங்கள். கொழும்பிலிருந்து சாலை வழி நீளம் என்பதால் இடையில் ஓர் இரவு தங்கிப் போவது மாமியாருக்கு நல்லது.

தேதியில் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் தொங்கும் தினசரி நாட்காட்டியை எடுத்து அமாவாசையும் பௌர்ணமியும் எப்போது என்று பாருங்கள். அந்த நாட்களை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், நீரோட்டமும் அதிகம், மணல் கிளம்பி நீர் கலங்கலாகவும் இருக்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் தள்ளிவைக்கும் அஷ்டமி, நவமி, அடுத்து வரும் தசமி, இந்த நாட்களில்தான் ஏற்ற இறக்கம் குறைந்து கடல் சாந்தமாக இருக்கும். நீங்கள் தண்ணீரில் இறங்கும் நாட்கள் அவற்றை ஒட்டி விழும்படி டிக்கெட் எடுங்கள். பயணம் புறப்படும் நாளை மாமியார் விருப்பப்படியே வைத்துக்கொள்ளலாம், அதில் முரண்பாடு ஒன்றும் வராது.

இனி ஒவ்வொருவராக. உங்கள் கணவரில் தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தக் குடும்பத்தில் எனக்கு அதிகக் கவலை அவரைப் பற்றித்தான்.

நானும் வாலாஜாபேட்டைக்காரன், நம் பக்கத்துக் கிணற்று நீச்சல்காரர்களை நன்றாக அறிவேன். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கற்றவர்கள், தண்ணீரைக் கண்டு அஞ்சமாட்டார்கள். ஆனால் கிணறு அவர்களுக்கு ஒரு பழக்கத்தை ஊறவைத்திருக்கிறது: குதிக்கும்போது மூச்சைப் பிடி, அடியைத் தொட்டுவிட்டு விருட்டென்று மேலே வா. கிணற்றில் அது சரி. மேலே இழுத்த காற்றைத்தானே அவர் கீழே கொண்டுபோகிறார். கீழே போகப் போக அது சுருங்குகிறது, மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்புகிறது. ஸ்கூபாவில் அவர் காற்றை இழுப்பதே ஆழத்தில்தான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். வாயைத் திறந்து வெளியே விடாவிட்டால் நுரையீரல் கிழிந்துவிடும். இதற்குப் பத்து மீட்டர்கூட வேண்டாம், ஆளுயரத்துக்கும் குறைந்த ஆழமே போதும்.

ஆகவே கிணற்றில் கற்ற ஒன்றை அவர் மறந்துதான் ஆக வேண்டும். தண்ணீருக்குள் ஒருபோதும் மூச்சைப் பிடிக்கக் கூடாது. வாயில் ரெகுலேட்டர், அதாவது உருளையின் காற்றைத் தரும் வாய்க்கருவி, இருக்கும்போது மெதுவாக இழுத்து மெதுவாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; அது வாயிலிருந்து நழுவினால், மீண்டும் பொருத்தும்வரை சிறு சிறு குமிழிகளாக விட்டபடி இருக்க வேண்டும். பதற்றம் வந்தால் மேலே பாயக் கூடாது, பயிற்சியாளருக்குக் கைகாட்ட வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். நன்றாக நீந்துகிறவருக்குத்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பத்தியை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

அடுத்தது அவருடைய காது. சிறுவயதில் சீழ் வடிந்த காதில் செவிப்பறை ஓட்டை ஆறாமல் இருக்கலாம், ஆறியும் மெல்லியதாக இருக்கலாம். அது தெரியாமல் தண்ணீரில் இறங்கினால், குளிர்ந்த நீர் நடுக்காதுக்குள் போய்த் தலை சுற்றும். மேல் எது கீழ் எது என்றே தெரியாமல் போகும். சிகிச்சைக்காக நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வேலூருக்கு வருகிறார்கள். உங்களுக்கோ மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், டைவிங் செய்யப் போகிறேன் என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். டைவிங் மையத்தில் தரும் உடல்நலப் படிவத்தில் காது அறுவை, ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் என்று கேள்விகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதினால் உடனே இறக்கிவிடுவார்கள் என்று யாராவது காதில் ஓதினால் கேட்காதீர்கள்.

காது நன்றாக இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. இறங்கத் தொடங்கியதுமே மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மூக்கு வழியாக மெல்ல ஊத வேண்டும். காது 'பொட்' என்று விடும். ஒவ்வொரு மீட்டருக்கும், வலி வருவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். வலி வந்தால் சற்று மேலே ஏறிக்கொள்ள வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவிங் இல்லை. பணம் கட்டியாகிவிட்டதே என்று மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது வேண்டாம்.

மகனுக்கு 9 வயது. கடலில் ஸ்கூபா செய்து பார்க்க, பயிற்சி நிறுவனங்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது 10. எட்டு வயதுப் பிள்ளைக்கு நீச்சல் குளத்திலோ, குளம் போன்ற ஆழமற்ற நீரிலோ இரண்டு மீட்டருக்குள் மூச்சுவிடப் பழக்கும் பாடம் மட்டும் உண்டு. 'ஆள் உயரமாக இருக்கிறான், பத்து என்று போட்டுக்கொள்ளலாம்' என்று சொல்லும் மையம் கிடைத்தால், அங்கே நீங்கள் யாருமே டைவ் செய்யாதீர்கள். அவனுக்கு ஸ்நார்க்லிங் போதும், சொல்லப்போனால் அவன்தான் எல்லோரையும்விட அதிக மீன்களைப் பார்ப்பான். உயிர்க்காப்பு உடை மாட்டி, கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும்.

மகளுக்கு, பயிற்சியாளர் கூடவே அழைத்துப் போய்க் காட்டும் ஒரு நாள் 'அனுபவ டைவிங்' வேண்டாம், முழுப் பயிற்சியே கொடுங்கள். 15 வயதாகிவிட்டதால் ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை டைவிங் சான்றிதழை முழுமையாகப் பெறலாம். 18 மீட்டர் வரை, உலகில் எங்கும் செல்லும். மூன்று நான்கு நாட்கள் ஆகும். எழுத்துப் பாடத்தைக் காட்பாடியில் இருந்தபடியே இணையத்தில் படித்து முடித்துவிட்டால் தீவில் நேரம் மிச்சம். 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் வேண்டியிருக்கும், இப்போதே குளத்தில் பழகட்டும். ஸ்வராஜ் தீவில் ஐந்து இரவுகள் என்று நான் கணக்கிட்டதே அவளுக்காகத்தான்.

உங்களுக்கு வருகிறேன். நீச்சல் தெரியாததால் நீங்கள் கரையில் பைகளைக் காத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அனுபவ டைவிங்குக்கு நீச்சல் தேவையில்லை, பயிற்சியாளர் உங்களைப் பிடித்தபடியே அழைத்துச் செல்வார். ஸ்வராஜ் தீவில் நீமோ ரீஃப் என்ற இடத்தில் படகே வேண்டாம், கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். கால் தரையில் இருக்கும்போதே முகத்தை நீரில் வைத்து மூச்சுவிடப் பழகுவீர்கள். பயம் அங்கேயே பாதி போய்விடும்.

மீதிப் பாதியை வீட்டிலேயே போக்கலாம். பாலாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணும் ஊரில் கடலுக்குப் பழகுவது எப்படி என்று நினைக்க வேண்டாம். ஒரு நல்ல மாஸ்க்கும் ஸ்நார்க்கல் குழாயும் வாங்கி, பெரிய அண்டாவில் நீர் நிரப்பி, முகத்தை அமிழ்த்தி வாயால் மூச்சு விட்டுப் பாருங்கள். முதல் நாள் அரை நிமிடம் தாங்காது. நெஞ்சு படபடக்கும், மூக்கு தானாகவே காற்றைத் தேடும். ஒரு வாரத்தில் ஐந்து நிமிடம் சர்வசாதாரணமாகிவிடும். மகன் செய்யும்போது பக்கத்தில் இருங்கள்.

மாஸ்க் வாங்கும்போது விலையைப் பார்க்காமல் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பின்பட்டையை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாகக் காற்றை உள்ளிழுத்துக் கையை எடுத்துவிடுங்கள். கீழே விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்களுடைய மாஸ்க். நழுவினால் எவ்வளவு விலையானாலும் தண்ணீர் உள்ளே வரும். கணவருக்கு மீசை இருந்தால் மூக்குக்கு அடியில் ஒழுகத்தான் செய்யும், அங்கே ஒரு விரலளவு முடியைக் குறைத்துக்கொண்டாலோ கொஞ்சம் வாசலின் தடவினாலோ சரியாகும். முகம் முழுவதையும் மூடும் புதுவகை மாஸ்க்குகளை நான் பரிந்துரைப்பதில்லை. தரம் குறைந்தவற்றில் விட்ட மூச்சே உள்ளே தேங்கி, திரும்பத் திரும்ப உள்ளே போகும். அவசரத்தில் வாயால் துப்பிவிட்டு மேலே வரவும் முடியாது.

மாமியார் தண்ணீரில் முகம் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. உடல் நீரில் மூழ்கும்போது கை கால்களின் இரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது. இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களுக்கு அதனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஷஹீத் தீவின் பரத்பூர் கடற்கரையில் அடிப்பகுதி கண்ணாடியாலான படகுகள் இருக்கின்றன, அதில் உட்கார்ந்தபடியே அவர் பவளத்தைப் பார்க்கலாம். படகில் ஏறப் படி இருக்கிறதா, கைபிடிக்க ஆள் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பரத்பூரில் ஸ்நார்க்லிங்கும் நன்றாக இருக்கும், ஆனால் நீர் ஏறியிருக்கும் நேரத்தில் மட்டும். வற்றிவிட்டால் பவளம் மேலே தெரியும், காலில் கீறும். அன்றைய ஏற்ற நேரத்தை விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தமானில் அதிகாலை ஐந்து மணிக்கே விடிந்துவிடும், மாலை ஐந்தரை ஆறுக்குள் இருட்டிவிடும். தண்ணீர் வேலைகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஸ்வராஜ் தீவின் எலிஃபெண்ட் பீச் காலையில் முதல் படகுகளில் போனால் மட்டுமே நன்றாக இருக்கும், வெயில் ஏறியதும் கூட்டமும் மோட்டார் சத்தமும் வந்துவிடும். உவர்நீர் முதலைகள் அந்தத் தீவுகளில் உண்டு. ஓடை கடலில் கலக்கும் இடங்களிலும் அலையாத்திக் காட்டை ஒட்டியும் இறங்காதீர்கள். எச்சரிக்கைப் பலகை இருக்குமிடத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் குளித்துக்கொண்டிருந்தாலும் நீங்கள் இறங்க வேண்டாம்.

டைவிங் மையத்தில் முன்பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகள் கேளுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? புதியவர் என்றால் ஒருவருக்கு ஒருவர் என்பதே பதிலாக இருக்க வேண்டும். படகில் மருத்துவ ஆக்சிஜன் இருக்கிறதா? ஆழத்துக்குப் போகும் முன் ஆழமற்ற நீரில் பயிற்சி எவ்வளவு நேரம்? பயிற்சியாளரின் சான்றிதழைக் காட்டுவார்களா? இவற்றுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்பவர்களிடம் போங்கள். 'வீடியோ இலவசம்' என்பதையே முதலில் சொல்பவர்களை விட்டுவிடலாம்.

பிள்ளைகளிடம் ஒன்றை வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போங்கள். பவளத்தைத் தொடக் கூடாது, அதன்மேல் நிற்கவும் கூடாது. கல் மாதிரித் தெரிந்தாலும் அது உயிர். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறியபோது நம் தீவுகளின் பவளங்கள் வெளுத்துப் பெருமளவில் மடிந்தன. பிழைத்திருப்பதை நம் கால்களும் மிதிக்க வேண்டாம். ஒடிந்து கரையில் கிடக்கும் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, விமான நிலையச் சோதனையில் பிடிபட்டால் வழக்காகும். உடம்பில் வெயில் தடுப்புக் களிம்பைப் பூசிக் கடலில் கரைப்பதைவிட, முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள். முதுகு வெயிலில் வேகாது.

கடைசியாகத் திரும்பும் நாள். டைவ் செய்த உடம்பில் நைட்ரஜன் கரைந்திருக்கும். உடனே விமானத்தில் உயரே போனால் அது குமிழியாக வெளிவந்து மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது விதி. முழுதாக ஒரு நாள் விடுவது என் வழக்கம். அதனால்தான் டைவிங் முழுவதையும் ஸ்வராஜ் தீவில் முடித்துவிட்டு, ஷஹீத் தீவில் ஸ்நார்க்லிங் மட்டும் என்று வைத்தேன். கடைசி மாலை செல்லுலார் சிறையைப் பாருங்கள். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் இரவில் ஒலி ஒளிக் காட்சி நடக்கும், மாமியாருக்கும் பிடிக்கும். விமானத்துக்கு முந்தைய நாளே ஸ்ரீ விஜயபுரம் வந்துவிடுவதால், ஒரு படகு ரத்தானாலும் அடுத்ததைப் பிடிக்க நேரம் இருக்கும்.

டிக்கெட் எடுக்கும் முன் செய்ய வேண்டியது கணவரின் காதுப் பரிசோதனை. மருத்துவர் தடை சொன்னால் ஸ்நார்க்லிங்குக்கும் அது பொருந்துமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் பொருந்தும். அப்படியானால் மகனோடு நீரில் கூடவே இருக்க வேறு ஆள் வேண்டும், மகளோ பயிற்சியில் இருப்பாள். ஸ்வராஜ் தீவில் ஒரு நாளைக்கு ஒரு வழிகாட்டியை அவனுக்கென்றே தனியாக அமர்த்திக்கொள்ளலாம். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.